பெடர்சன் கிழவரை நான் சாகடித்த கதை

உயிரோடு இருந்த ஒரு மனிதரை நான் ஒருமுறை சாகடித்திருக்கிறேன். கத்தியில்லை, இரத்தமில்லை, வெறும் கயிறுதான். (தூக்குக்கயிறு என்று நினைக்க வேண்டாம், எனக்கு அவ்வளவு துணிவு கிடையாது.)

டென்மார்க்கில் ‘தமிழர் வழக்கு’ பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. எங்களைப் போன்றவர்கள் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்களை மேலிடம் வேண்டுமென்றே கிடப்பில் போட்டது பற்றி விசாரணை நடந்தது. அந்தக் கிடப்பில் என் வதனியும் கிடந்தாள். நான் தாலி கட்டிய கையோடு இங்கே வந்துவிட, அவள் கொழும்பில் ஒரு சின்ன அறையில் மூன்று வருடம் காத்திருந்தாள். ஒருவழியாக அவள் வந்து இறங்கியபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் கூட. கொடுத்த விசாவைப் பறிக்க இவர்களுக்கு ஒரு சாட்டுப் போதும் என்று திடமாக நம்பினேன். சைக்கிளில் லைட் எரியாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். பஸ்ஸில் உரத்துக் கதைத்தால் அனுப்புவார்கள். வதனி தும்மினால்கூட யன்னலைச் சாத்திவிட்டு வருவேன்.

நாங்கள் இருந்த ஹொல்ஸ்டெப்ரோ பட்டணத்தில், இறைச்சித் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த எரிக் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ எங்காவது போய் ஓய்வெடு” என்றான். அவனுடைய பெரியப்பா பெடர்சனுக்கு மேற்குக் கரையில், கடலோரமாக ஒரு கோடை வீடு இருந்தது. கிழவர் பக்கத்துச் சிறு பட்டணத்தில் வசித்துக்கொண்டு அதை வாடகைக்கு விடுவார். நாமே சமைத்து, நாமே கழுவி, புறப்படும்போது வீட்டைத் துடைத்துவிட்டு வர வேண்டும். வீட்டில் செய்கிற அதே வேலையைக் காசு கொடுத்து இன்னொருவர் வீட்டில் செய்வதற்குத்தான் இங்கே ஓய்வு என்று பெயர். வதனி அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், தாச்சி எல்லாவற்றையும் கட்டினாள். (அம்மி இருந்திருந்தால் அதுவும் வந்திருக்கும்.)

போய்ச் சேர்ந்ததும் அவள் கடலைப் பார்த்தாள். நான் அயலைப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் ஒரு வெள்ளைக் கம்பம், அதில் டேனிஷ் கொடி. எங்கள் கம்பம் மட்டும் மொட்டையாக நின்றது. கொடி ஏற்றாத வீடு, உள்ளே இரண்டு தமிழர்; இதைவிட வேறு சாட்டு வேண்டுமா?

மறுநாள் காலை அலுமாரிக்குள் மடித்து வைத்திருந்த கொடியைக் கண்டுபிடித்து ஏற்றினேன்.

“இஞ்சேருங்கோ, ஏன் பாதியில நிக்குது? கயிறு இறுகிட்டுதோ?” என்று வதனி கேட்டாள்.

“இல்லையப்பா, நான்தான் நிப்பாட்டினனான். நாங்கள் வாடகைக்கு வந்த ஆக்கள். உச்சிக்கு ஏத்தினால் சொந்த வீட்டுக்காரர் மாதிரி எடுப்புக் காட்டுறம் எண்டு நினைப்பாங்கள். ஒரு அடக்கம் வேணும்.”

“உந்த அடக்கம் ஆருக்கு விளங்கப்போகுது?”

“டேனிஷ்காரருக்கு விளங்கும். உமக்கு இஞ்சத்தைப் பழக்கம் தெரியாது.”

(வானொலிச் செய்தியில் ‘அரைக்கம்பம்’ என்ற சொல்லை நான் கேட்காதவனில்லை. ஆனால் அது பெரிய தலைவர்கள் போனால் அரசாங்கக் கட்டடங்களில் செய்வது. எங்கள் ஊரில் செத்த வீட்டுக்கு வெள்ளைக்கொடி கட்டுவார்கள். கோடை வீட்டு முற்றத்தில் சாதாரண மனிதருக்கும் கொடியை இறக்குவார்கள் என்று யார் கண்டது?)

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு இங்கர் அம்மா, தன் தோட்டத்து ரோசாப்பூக்களோடு வந்தார். கண் சிவந்திருந்தது. என் கையைப் பிடித்து நெடுநேரம் அழுத்தினார். பின்னாலேயே ஒரு வயதான தம்பதி, அதன்பின் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு இன்னொருவர். எல்லார் கையிலும் பூ.

“பாத்தீங்களே, என்ன நல்ல சனம்! நான் புதுசா வந்திருக்கிறன் எண்டு எரிக் சொல்லியிருப்பார்” என்று வதனி பூரித்துப்போனாள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புவாளா? காலையில் ஊறப்போட்டிருந்த பருப்பை அரைத்துச் சுடச்சுட வடை போட்டு, தேநீரும் ஊற்றினாள்.

ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கோ பிழை ஏதோ செய்துவிட்டோம் என்று பட்டது. அதைச் சரிக்கட்ட அவர்களுக்கும் சேர்த்து நானே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

இங்கர் அம்மா வடையைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். “சீக்கிரமாக முடிந்துவிட்டதா?”

விசாவைப் பற்றித்தான் கேட்கிறார். அந்த நாட்களில் என்னைக் கண்ட டேனிஷ்காரர் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள்.

“இல்லை, மூன்று வருடம் இழுத்தது” என்றேன் எனக்குத் தெரிந்த டேனிஷில். “நாங்கள் பொறுமையாகக் காத்திருந்தோம். இப்போது மிகவும் சந்தோஷம்!”

இங்கர் அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, கையில் ஒரு கூடை ஸ்ட்ரோபெரியோடு பெடர்சன் கிழவர் உள்ளே வந்தார். முகம் வெளிறியிருந்தது. தொப்பியைக் கழற்றினார்.

“யார் செத்தது?” என்று கேட்டார்.

இங்கர் அம்மாவின் தேநீர்க் கோப்பை விழுந்து நொறுங்கியது. எல்லாரும் கிழவரைப் பார்த்தார்கள். கிழவர் வதனியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். (எங்களுக்கு ஸ்ட்ரோபெரி கொண்டுவந்தவர் தூரத்திலேயே கொடியைக் கண்டு, எங்களில் ஒருவர் போய்விட்டார் என்று நினைத்துச் சைக்கிளை வேகமாக மிதித்து வந்தாராம்.) கடைசியில் இங்கர் அம்மா யன்னலுக்கு வெளியே கொடியைக் காட்டினார், பிறகு கிழவரைக் காட்டினார். அப்போதுதான் எனக்கு அரைக்கம்பம் உறைத்தது.

வதனியைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனேன். “பெட்டியை அடுக்கும். அவையின்ர கொடியை அவமதிச்சுப்போட்டன். பொலிஸ் வரும். உம்மைத் திருப்பி அனுப்பப்போறாங்கள்.”

“கொடியைப் பாதியில விட்டதுக்கோ? என்னை மூண்டு வருசம் பாதியில விட்டவையை ஆர் பிடிச்சது?” அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நான் வந்த நாள் துவக்கம் நீங்கள் பயந்துகொண்டே திரியிறியள். நான் வந்ததுக்கு ஒருக்கா எண்டாலும் சந்தோசமா இருந்தனீங்களோ? நான் எங்கயும் போகமாட்டன். கடலில இன்னும் கால்கூட வைக்கேல்லை.”

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெளியே பெரிய சிரிப்புச் சத்தம். கிழவர் தனக்கு வந்த பூக்களை எண்ணிக்கொண்டிருந்தார். “ஹான்ஸ் வரவில்லையா? நாற்பது வருடமாக என் அயலவன்!” என்றார். (அதன்பிறகு ஹான்ஸுக்கு அவர் ஸ்ட்ரோபெரி கொடுக்கவே இல்லை.) பிறகு தன் செத்தவீட்டு வடையைத் தானே இரண்டு வாங்கித் தின்றுவிட்டு, என்னைக் கம்பத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“எதற்காகக் கொடி ஏற்றினாய்?”

பயத்தில் என்று சொல்ல வாய் வரவில்லை. “என் மனைவி வந்துவிட்டாள்” என்றேன்.

“அப்படியென்றால் அது உச்சியில்தான் பறக்க வேண்டும்” என்று கயிற்றை என் கையில் தந்தார். நான் இழுத்தேன். வதனி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் இருவரும் கடலுக்குப் போனோம். தண்ணீர் ஐஸ்மாதிரிக் குளிர்ந்தது.

இன்றைக்கும் நான் எதற்காவது கவலைப்பட்டுக்கொண்டு இருந்தால், இங்கே பிறந்த என் மகள் தாயைக் கூப்பிட்டு, “அம்மா, அப்பான்ர கொடி பாதியில நிக்குது” என்பாள். அவள் தமிழில் பிழையில்லாமல் சொல்லும் வசனங்களில் அதுவும் ஒன்று.

பல வருடங்கள் கழித்து ஒரு நாள் இங்கர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். “பெடர்சன் வீட்டுக் கொடி பாதியில் நிற்கிறது. நீங்கள் இங்கேயா விடுமுறைக்கு வந்திருக்கிறீர்கள்?”

“இல்லையே, நாங்கள் ஹொல்ஸ்டெப்ரோவில்தான் இருக்கிறோம்” என்றேன்.

“அப்படியென்றால் இந்தமுறை உண்மைதான்” என்றார்.

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த வதனி எழும்பிப் போய் வடைக்குப் பருப்பு ஊறப்போட்டாள்.