சந்தேக மாஸ்டரின் வை-பை கார்ட்

இலங்கையின் ஊவா மாகாணத்தில் சூரியன் கிழக்கேதான் உதித்தது என்று நேரில் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே காலைத் தேத்தண்ணியைத் தொடுகிற ஒரே மனிதர் சந்தேக மாஸ்டர்தான். நமுனுகுல மலைச்சரிவில் எங்கள் தோட்டப் பாடசாலையின் கணக்கு மாஸ்டர். ஆசிரியர் விடுதியில் அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவே இருவரும் சமைக்கும் ஒரு குசினி.

புதுக்குடை வாங்கினால் தண்ணீர்க் குழாயைத் திறந்து அதன் அடியில் விரித்து நின்று பார்ப்பார். பண்டாரவளையில் பதுளை பஸ் ஏறினால், "இது பதுளைக்குத்தானே போகுது?" என்று கண்டக்டரிடம் கேட்பார். பிறகு டிரைவரிடமும் கேட்பார். ஒருமுறை அவர் கேட்ட கேட்பில் டிரைவருக்கே சந்தேகம் வந்து, இறங்கிப்போய்ப் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு வந்தார்.

இப்படிப்பட்டவருக்கு நாற்பது கடந்தும் கல்யாணம் ஆகாததில் வியப்பில்லை. போன வருடம் வெலிமடையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணும் டீச்சர்தான். மாஸ்டருக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் கனடாவில் இருக்கும் பெண்ணின் அண்ணன், வீடியோவில் பேசிப் பார்த்துத்தான் சம்மதம் சொல்வாராம்.

தொடுதிரை போனை மாஸ்டர் நம்புவதில்லை. ஆகவே பழைய லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தார். "குடிப்பழக்கம் இருக்குங்களா?" என்று அண்ணன் கேட்டார். இல்லை என்று சொல்ல மாஸ்டர் வாயைத் திறந்த அந்த நொடியில் வை-பை அறுந்தது. கனடாத் திரையில் மாஸ்டர் திறந்த வாயும் மேலே பார்த்த கண்ணுமாக அப்படியே உறைந்துபோனார்.

"இதுக்குப்போய் இவ்வளவு நேரம் யோசிக்கிறாரே!" என்றாராம் அண்ணன். அடுத்த ஞாயிறு இன்னொரு தடவை பேசுவார், அதோடு சரி என்று தரகர் சொல்லியனுப்பினார்.

"தம்பி, இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா நான் குடிக்காமலே குடிகாரனாயிருவேன்" என்றார் மாஸ்டர்.

"ரூட்டர் என் ரூமுலதானே இருக்கு? அங்க வந்து பேசுங்க."

"பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு அடுத்தவர் ரூமைக் காட்டுறதா? அது பொய் சொன்ன மாதிரி ஆயிரும்."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பண்டாரவளைக்குப் போனோம். கம்ப்யூட்டர் கடை நடத்தும் அக்கா அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் வை-பை கார்ட் பழுது என்றார். அந்த இடத்துக்குப் பொருந்தும் புதிய கார்ட் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது ரெண்டு அலைவரிசையும் எடுக்கும், சேர்."

"எதுக்குங்க ரெண்டு?"

"ஒண்ணு வேகமா ஓடும், ஆனா தூரம் போகாது. மத்தது மெதுவாத்தான் வரும், ஆனா சுவரைத் தாண்டி வரும்."

"அந்த மெதுவா வர்றவரைப் பத்திக் கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க."

சொன்னார். மழையில் எடுக்குமா, மூடுபனியில் எடுக்குமா, பக்கத்தில் குக்கர் விசிலடித்தால் எடுக்குமா என்ற எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு பொறுமை தீர்ந்து, "நீங்களே போட்டுப் பாருங்க" என்று கார்டைப் பொருத்தித் தந்தார்.

அதுதான் வினை. கடையின் வை-பையைப் பிடித்துக்கொண்டு, திறந்த லேப்டாப்பை இரு கைகளிலும் ஏந்தி மாஸ்டர் பின்புறமாகவே தெருவில் நடந்தார். வெலிமடையிலிருந்து வந்த மரக்கறி லொறியின் மறைவிலிருந்து கூவல் கேட்டது. "லீக்ஸ் மூட்டைக்குப் பின்னாலயும் எடுக்குதுங்க!" ரோட்டை அளக்க வந்தவர் என்று நினைத்து ஒரு கிழவர் தன் வேலியை நகர்த்த வேண்டாம் என்று கெஞ்சினார். கடைக்கார அக்கா கல்லாவில் தலைசாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை திரையில் ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் வெலிமடையிலிருந்து டீச்சர். அண்ணன் கேட்பதற்கு முன்பே மாஸ்டர், "குடிக்க மாட்டேங்க" என்றார். கேட்டபோது மறுபடி சொன்னார். விடைபெறும்போதும் ஒருதரம் சொன்னார். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. அண்ணன் வணக்கம் சொல்லிப் போனார்.

பழைய கார்டு எப்போதும் தானாகவே அறுந்துவிடும் என்பதால், அழைப்பை எப்படித் துண்டிப்பது என்று மாஸ்டர் கற்றுக்கொண்டதே இல்லை. அண்ணன் போனதும் எல்லாம் முடிந்தது என்று, அருகில் நின்ற என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, டீச்சர் சிரிச்சாங்களே, பாத்தீங்களா? வாழ்க்கையில எனக்குச் சந்தேகமே வராதது இது ஒண்ணுதான்."

"எனக்கும் வரலைங்க மாஸ்டர்" என்றது லேப்டாப்.

மாஸ்டர் நாற்காலியோடு சாய்ந்தார். எழுந்து பார்த்தபோதும் டீச்சர் திரையில் இருந்தார், சிரித்தபடி.

தையில் கல்யாணம் முடிந்து, இடமாற்றம் வாங்கிக்கொண்டு மாஸ்டர் வெலிமடைக்குப் போய்விட்டார். விடுதி வை-பை முழுவதும் இப்போது எனக்குத்தான், நல்ல வேகம். குசினிக்கு அப்பாலிருந்து யாராவது அதில் பாதியைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்களா என்றுதான் இருக்கிறது.