சலவை செய்த சாட்சியம்

ஒரு கல்யாண மண்டபம் நிறைய உட்கார்ந்திருந்த ஆண்களுக்கு, என் கணவருக்குச் சிறுநீர் நிற்பதில்லை என்று உரத்த குரலில் அறிவித்தவள் நான். வேறு எந்தக் குற்றத்தையும் இவ்வளவு திருத்தமான உச்சரிப்போடு நான் செய்ததில்லை.

எண்பதுகளின் இறுதி. ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். நூலகத்திலிருந்த வைத்தியப் புத்தகங்களையெல்லாம் படித்து முடித்திருந்ததால், டாக்டர்களுக்கே நாலு விஷயம் சொல்லித்தரலாம் என்ற நினைப்பும் இருந்தது. (அங்கே இருந்தவை மூன்று புத்தகங்கள். அவற்றில் ஒன்று கால்நடை வைத்தியம்.)

என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். பனிமலைப் பாதையில் ஜீப் உருண்டதில் கால் முறிந்தது, முதுகுத்தண்டிலும் அடிபட்டது. கால் கூடிவிட்டது, சிறுநீரை அடக்கும் சக்தி மட்டும் திரும்பவில்லை. வீட்டுக்கு அனுப்புமுன் நடந்த மருத்துவப் பரிசோதனையில் அவர் அதைச் சொல்லவே இல்லை. சொல்லாதது காகிதத்தில் ஏறவில்லை. காகிதத்தில் ஏறாத நோய்க்கு ஊன ஓய்வூதியம் கிடையாது. ஊருக்கு வந்து ஒரு மில்லில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். கேட்டை விட்டு நகரக்கூடாத வேலை. பத்தாவது நாள் வேலையிலிருந்து தானாகவே நின்றுகொண்டார். கேட்டவர்களிடம் கால்வலி என்றார்.

நாங்கள் அனுப்பிய இரண்டு மனுக்களும் திரும்பி வந்தன. பிறகு ஒரு கடிதம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் முன்னாள் ராணுவத்தினருக்கு ஒருநாள் முகாம். ராணுவ மருத்துவர் ஒருவர் பார்த்து எழுதிக்கொடுத்தால் மனு மறுபடி மேலே போகும். இல்லையென்றால் கோப்பு மூடப்படும்.

ஆதாரம் இல்லாமல் போகக்கூடாது என்று தீர்மானித்தேன். என்னுடைய பழைய நூல் சேலைகளைக் கிழித்து அவருக்குத் தைத்துக் கொடுத்திருந்த துணிகள் பதினெட்டு இருந்தன. அவற்றைக் காட்டினால் எந்த டாக்டரும் நம்பித்தானே ஆக வேண்டும்? ஆனால் ஓர் அதிகாரியின் மேசையில் கறைத் துணியை வைக்க யாருக்கு மனம் வரும்? முந்தின நாளே பதினெட்டையும் வெளுத்து, நீலத்தில் முக்கி, கஞ்சி போட்டு, இஸ்திரி தேய்த்து, நாலாக மடித்து அடுக்கினேன். எனக்கே கண் கூசியது. (இந்தப் புத்திசாலியிடம்தான் அறுபது பிள்ளைகளை நம்பி ஒப்படைத்திருந்தார்கள்.)

பஸ்ஸில் பாதி இருக்கைகள் காலி. அவர் நின்றுகொண்டே வந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி, சீட்டு சும்மாத்தான கெடக்கு" என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டும்."

இருக்கையை நனைத்துவிடுவோமோ என்று மூன்று வருடமாக அவர் பஸ்ஸில் உட்கார்ந்ததில்லை. அன்று அவருடைய உதடுகள் வறண்டு வெடித்திருந்தன. பயம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். அவரோடு பணியாற்றிய கான்சாபுரத்துக்காரர் ஒருவரும் இருந்தார். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். மடியில் வைத்திருந்த துணிப் பொட்டலத்தின் கஞ்சி என் கை வியர்வையில் பிசுபிசுக்கத் தொடங்கியது. பெயர் கூப்பிட்டார்கள். அவர் மேசைமுன் போய், குதிகால் சேர்த்து, ஒரு சல்யூட் வைத்தார்.

டாக்டர் தலைநிமிராமல் பழக்கதோஷத்தில் இந்தியில் கேட்டார். "கோயீ தக்லீஃப்?"

ஏதாவது தொந்தரவு உண்டா என்று ஓர் அதிகாரி கேட்டால், பதினைந்து வருட ராணுவப் பழக்கத்துக்கு ஒரே பதில்தான் தெரியும்.

"நஹீ சாப்."

டாக்டரின் பேனா காகிதத்தில் இறங்கியது. நான் பாய்ந்து பொட்டலத்தை மேசையில் வைத்துப் பிரித்தேன். பதினெட்டு வெண்மைகள். டாக்டர் அவற்றைக் கனிவோடு பார்த்தார்.

"கொழந்தைக்கு எத்தனை மாசம்மா?"

எங்கள் ஒரே மகள் அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்தாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் கணவர் எதிர்ச் சுவரையே பார்த்தபடி அசையாமல் நின்றார். டாக்டர் மறுபடி எழுதத் தொடங்கினார். அந்த வரி முடிந்தால் எல்லாம் முடிந்தது.

"எழுதாதீங்க சார். இது கொழந்தைத் துணி இல்ல, அவர் துணி. அவருக்கு ஒண்ணுக்கு நிக்காது. மூணு வருசமா நிக்கல. கழுத்த அறுத்துப்போட்டுக் கேட்டாலும் ஆபீசர்கிட்ட தக்லீஃப் இல்லன்னுதான் சொல்வார்."

கடைசி பெஞ்சை நோக்கியே பேசிப் பழகிய குரல் அது. வரிசையில் இருந்த தலைகளெல்லாம் திரும்பின. என் கணவரின் காது மடல்கள் சிவந்துவிட்டன.

டாக்டர் ஒரு துணியை எடுத்துப் பார்த்தார். "சுத்தமா இருக்கேம்மா."

"தொவைச்சேன் சார்."

"எதுக்குத் தொவைச்சீங்க?"

"உங்ககிட்ட காட்டணுமே சார்."

டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு என் கணவரிடம் திரும்பினார். "கடைசியா எப்பத் தண்ணி குடிச்சீங்க?"

"நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு சார்."

"ஏன்?"

"ஒங்க முன்னால வந்து நிக்கணும்ல சார்."

ஆக, அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக எங்கள் சாட்சியத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து கொண்டுவந்திருந்தோம்.

டாக்டர் எழுந்து அவரைப் பச்சைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். வெளியே நின்ற எனக்குக் குரல்கள் மட்டும் கேட்டன.

"தொடைக்கு உள்பக்கம் ஊசியால குத்துறேன். தெரியுதா?"

"எங்க சார்?"

"இங்க?"

"நீங்க இன்னும் குத்தலையே சார்."

ஊசியைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டரின் குரல் தணிந்து வந்தது. "முதுகு நரம்பு போயிருக்குய்யா. அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"கேட்டவரு கர்னல் சார்."

டாக்டர் மூன்று பக்கம் எழுதினார். என் துணிகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

பஸ் நிலையத்தில் என் கணவர் அடுத்தடுத்து மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"ஏட்டி, கான்சாபுரத்தான் அங்க இருந்தான்."

"பார்த்தேங்க."

"வன்னியம்பட்டி ஆளுக ரெண்டு பேரு இருந்தாக. அம்புட்டு பேருக்கும் கேட்டிருச்சு."

"டாக்டருக்குக் கேக்கணும்னுதான் சொன்னேன்."

"டாக்டரு ரெண்டடி தூரத்துலதான இருந்தாரு?"

அதன் பிறகு நான்கு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் கான்சாபுரத்துக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் சுருட்டிய காகிதங்கள், பார்வை தரையில்.

"வாடே. என்ன விசயம்?" என்றார் என் கணவர், இறுக்கமாக.

"ஒங்களப் பாக்க வரல அண்ணாச்சி. வீட்டுல அவிய இருக்காகளா? எனக்கும் ஒரு மனு எழுதணும்."

என் கணவர் அவரை நெடுநேரம் பார்த்தார். "நல்லா யோசிச்சுக்கோ. அவகிட்ட சொன்னா வத்திராயிருப்பு வரைக்கும் கேக்கும்."

வந்தவர் உண்மையாகவே யோசித்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

பதினான்கு மாதம் கழித்து என் கணவருக்கு ஓய்வூதிய ஆணை வந்தது. அதற்குள் ஏழு பேருக்கு மனு எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் இப்போதும் யாருக்காவது வயிற்றுவலி என்றால்கூட, என்னிடம் சொல்லுமுன் ஜன்னலைச் சாத்துகிறார்கள். முதலில் எழுந்து சாத்துபவர் அவர்தான். சாத்திவிட்டு, என் அருகில் வந்து உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார்.