இருபத்தேழாம் நம்பர் கட்டில்

ரப்பர் தோட்டம், கட்சால் தீவு, நிக்கோபார்
8-6-1972

அன்பு மச்சான் சிவஞானத்துக்கு, உன் அக்காள் புருஷன் கோவிந்தராஜ் எழுதிக்கொண்டது. இங்கே நானும் விசாலாட்சியும் பிள்ளைகள் இரண்டும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத இன்னும் கை வரவில்லை. அங்கே நீயும் நீலாவதியும் நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். எங்கள் மனுவையே அவர் இன்னும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. இந்தியாவுக்குப் போவது முடிவாகிவிட்டது, நீலகிரித் தேயிலையா கட்சால் ரப்பரா என்று ஆவணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், கட்சால் என்றால் கப்பலில் கைச்செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று கேட்டிருக்கிறாய். கேட்க வேறு ஆள் கிடைக்கவில்லையா உனக்கு?

மெட்ராஸில் கப்பல் ஏறும்போது என் மடியில் எழுபது இந்திய ரூபாய் இருந்தது. நமக்கு அது அந்நியக் காசு. சிலோனில் பிறந்து வளர்ந்த நாற்பத்தொரு வருஷமும் நம்மை இந்தியாக்காரன் என்றார்கள். இந்திய நோட்டைக் கையில் வாங்கினால் எது ஐந்து எது பத்து என்று மகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான், ஒரு நாள் வேலைக்குத் தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பேர், ஒரு பேருக்கு ஒரு நாள் சம்பளம். அதை வைத்தே கப்பலில் எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டேன். டீ அரைக்கால் பேர், ஆம்லெட் கால் பேர், சாப்பாடு முக்கால் பேர். அது டீயா மச்சான்? தேயிலை அரைக்கிற ஸ்டோரில் பத்தொன்பது வருஷம் நின்றவனிடம், நாம் கூட்டித் தள்ளுகிற தூசியைக் கொதிக்க வைத்து நீட்டினான். முதல் நாள் எதுவும் வேண்டாமென்று கறாராகத்தான் இருந்தேன்.

மறுநாள் காலையில் காதில் பென்சிலோடு கேன்டீன்காரன் வந்து, "நம்பர் போலோ" என்றான். கட்டிலில் எழுதியிருந்த இருபத்தேழைக் காட்டினேன். நோட்டில் குறித்துக்கொண்டு நாலு ஆம்லெட் கொடுத்தான், காசு கேட்கவில்லை. நீயே சொல், நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டு சாமான் கொடுத்தால் நாம் என்ன நினைப்போம்? தோட்டத்தில் அரிசியும் அப்படித்தானே வந்தது, கம்பளியும் அப்படித்தானே வந்தது, பிறகு சம்பளத்தில் பிடித்தார்கள். கட்சாலில் மாசாமாசம் கொஞ்சமாகப் பிடிப்பார்கள் என்று நம்பி மூன்று நாளும் வஞ்சகமில்லாமல் வாங்கினோம். அதில் பாதி வயிற்றில் தங்கவில்லை. கப்பல் ஆடிய ஆட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கடலுக்கே கொடுத்தோம். கொடுத்துவிட்டு வாய் கொப்பளிக்கச் சோடா கேட்டால் அதையும் இருபத்தேழில் எழுதினான்.

கட்சால் கப்பலுக்கு மாறப் போர்ட் பிளேயரில் இறங்கும் முன்னே பில் வந்தது. எண்பத்தெட்டு ரூபாய். ஒரு மாசத்துப் பேர், மச்சான். கணக்கு எழுதுகிறவன் தமிழ் ஆள்தான்.

"தோட்டத்துச் சம்பளத்துல புடிச்சிக்குங்க சார்."

"எந்தத் தோட்டம்?" என்றான்.

நான் மேலும் கீழும் பார்த்தேன். சுற்றிலும் கடல்தான் இருந்தது. நீ கொடுத்த டிரான்சிஸ்டர் கடலில் விழுந்துவிட்டதாகப் போன கடிதத்தில் எழுதியது பொய். மடியில் இருந்த எழுபதும் போய், மீதிக்கு அதைக் கேன்டீன்காரன் எடுத்துக்கொண்டான். என்னை மன்னித்துவிடு.

ஆகையால் இருநூறு ரூபாய் இல்லாமல் கப்பலில் காலை வைக்காதே. அவல், எலுமிச்சங்காய் ஊறுகாய் கொண்டு வா, ஆம்லெட் வாசம் வந்தால் மேல்தட்டுக்குப் போய்விடு, நம்பர் கேட்டால் ஊமையாக இரு என்றெல்லாம் சொல்லலாம். ஆனால் உன்னிடம் இருநூறு கிடையாது. எனக்குத் தெரியாதா? இங்கே வந்துதான் என்ன? ரப்பர்ப் பால் வெட்டப் போனால் மழை, மழை விட்டால் கொசு. உன் அக்காவோ யாரிடமும் பேசுவதில்லை. அளவும் மறந்துபோனாள். கப்பல் வருகிற நாளிலெல்லாம் ஒரு படி அரிசி கூடப் போட்டுச் சமைக்கிறாள். தூக்குச்சட்டியோடு எங்கோ போய்விட்டு வருகிறாள். பொழுது சாய்ந்து நாங்கள் அந்த ஆறின சோற்றைத் தின்கிறோம். கேட்டால் சட்டியைக் கழுவப் போய்விடுகிறாள்.

எனவே நீலகிரி என்றே எழுதிக் கொடு. ராமேஸ்வரத்தோடு உனக்குக் கடல் தண்ணீர் முடிந்தது. நாம் ஒருவரையொருவர் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். நீலாவதிக்கு என் ஆசீர்வாதம். பெரிய கங்காணிக்குக் கும்பிடு சொல். அட்டை கடிக்கும்போதாவது எங்களை நினை.

இப்படிக்கு,
கோவிந்தராஜ்

பின்குறிப்பு: இதை ஒட்டி, இன்று வந்த கப்பலில் சேர்க்கத் துறைக்குப் போனேன். எனக்கு முன்னால் உன் அக்கா அங்கே நிற்கிறாள், கையில் தூக்குச்சட்டி. இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறாள். அவன் இன்னும் எழுதியே கொடுக்கவில்லையே, இது என்ன பைத்தியம் என்றேன்.

"தம்பி கப்பல்ல காசு குடுத்துத் திங்காது. பசியோடதான் எறங்கும்" என்றாள்.

கவரைக் கிழித்து, துறையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். கப்பல் ஊதிவிட்டது. கட்சால் என்று எழுதிக் கொடு. இருநூறும் வேண்டாம், அவலும் வேண்டாம். ஆம்லெட் வேண்டுமட்டும் சாப்பிடு. நம்பர் கேட்டால் என் பேரில் எழுதச் சொல். பில் வருகிற அன்றைக்கு நான் போர்ட் பிளேயரில் நிற்கிறேன். எவ்வளவானாலும் என்னிடம் பிடித்துக்கொள்ளட்டும்.