சந்தேகத்தாரின் பிரேக்

கண்டி முழுக்கச் சலித்தாலும் எங்கள் ஹந்தானை வீதி சந்தேகத்தாரைப் போல இன்னொருவர் கிடைக்கமாட்டார். மனைவி தேத்தண்ணியில் சீனி போடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, "போட்டியா?" என்று கேட்கிற மனிதர். மாநகரசபையில் கிளார்க்காக இருந்தவர். சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை.

அவர் மனைவி புஷ்பத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை. மாதக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த ஒபரேஷன் நாள். நண்பகலுக்குள் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். தவறினால் மறுபடி வரிசையின் வால்தான். அன்று காலையில் பார்த்து, முந்தின நாள் தன் காரைச் சர்வீஸ் செய்துகொடுத்த கராஜ்காரன் பிரேக் ஒயிலை மாற்றவேயில்லை என்று மனிதருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டிலிருந்த என்னைக் கூப்பிட்டார். "அக்கா, ஒங்க காலு கொஞ்சம் வேணும்."

"முட்டிவலியோடயே எடுத்துக்கங்க தம்பி."

என்னை டிரைவர் சீட்டில் ஏற்றிவிட்டு அவர் காருக்கடியில் புகுந்தார். நான் பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். அவர் டயருக்குப் பின்னாலுள்ள சின்ன நிப்பிளைத் திறப்பார். பழைய ஒயிலும் காற்றும் குழாய் வழியாக ஜாம் போத்தலில் இறங்கும். அவர் மூடிய பிறகுதான் நான் காலை எடுக்கலாம். முந்தினால் காற்று உள்ளே போய்விடும்.

"புடிச்சிட்டீங்களா அக்கா?"

"புடிச்சிட்டேன்."

"நெசமாவா?"

நிப்பிளைத் திறந்தபடியே போட்டுவிட்டு, எழுந்து வந்து என் காலை எட்டிப் பார்த்தார். "நல்லாப் பாத்துக்கங்க!" என்று நானும் ரோஷத்தில் காலைத் தூக்கிக் காட்டிவிட்டேன். வெளியே போன காற்றெல்லாம் வீடு திரும்பியது. அடுத்த மிதி, தண்ணியில் ஊறின பாண் துண்டை மிதித்த மாதிரி பொதக்கென்று இறங்கியது.

புதுச்சேலை கட்டிக் கதிரையில் காத்திருந்த புஷ்பம், "மணி என்ன அக்கா?" என்றாள். சொல்லப் பயந்து, "இருக்கு, இருக்கு" என்றேன். எங்கள் வீதி நேரே பள்ளத்தில் இறங்கும். பிரேக் இல்லாவிட்டால் எல்லாருமே ஆஸ்பத்திரிக்குத்தான்.

முதலிலிருந்து எல்லாம் மறுபடி. ஒருவழியாகப் பெடல் கல்லாக நின்றது. சோதித்துப் பார்க்கத் தனியாகக் காரை எடுத்துப் போனார். வளைவில் மறைந்தது கார்.

புஷ்பம் என் கையைப் பிடித்தாள். "சத்தமே காணோமே அக்கா?"

"சத்தம் வராத வரைக்கும் நல்லதுதான் புள்ள." சொல்லிக்கொண்டே வளைவை எட்டி எட்டிப் பார்த்தேன்.

கார் முழுசாகத் திரும்பி வந்தது.

"புடிக்குதா தம்பி?"

"மிதிச்ச நேரமெல்லாம் புடிச்சிச்சு. அடுத்த தரம் புடிக்குமான்னுதான் தெரியல."

ஓடிப்போய் ஓர் ஆட்டோவைக் கூட்டிவந்து எங்கள் இருவரையும் அதில் ஏற்றினார். உடனே குனிந்து அதன் பிரேக்கையும் பார்த்தார்.

"நேத்துதான் செக் பண்ணினேன் ஐயா" என்றான் டிரைவர்.

"நீ பண்ணுனத யாரு பாத்தா?"

பிறகு தன் காரில் ஏறி, அதை ஆட்டோவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இது எதுக்கு தம்பி?"

"இவன் பிரேக் புடிக்காட்டி எம் மேல வந்து முட்டட்டும். என் பிரேக் புடிக்காட்டி நான் மட்டும் போறேன்."

பள்ளத்தில் இறங்கத் தொடங்கினோம். வளைவுக்கு வளைவு அவர் காரின் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அவரு தெரியிறாரா அக்கா?" என்று புஷ்பம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"தெரியிறாரு, தெரியிறாரு" என்றேன். அந்தச் சிவப்பை அவளுக்கும் சேர்த்து நானே பார்த்துக்கொண்டு வந்தேன்.