மெயின் பாயின்ட் இன்னும் வரவில்லை

தன் வாழ்க்கையில் எது முக்கியம் என்று தெரியாதவன்தான் ஊருக்கெல்லாம் முக்கியமானது எது என்று பாடம் எடுக்கக் கிளம்புவான். நான் கிளம்பினேன். கரையான்சாவடி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்த தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் வாத்தியார். நிரந்தர வாத்தியார் இல்லை, 'பார்க்கலாம்' வாத்தியார். (நிரந்தரம் எப்போது என்று யார் கேட்டாலும் தாளாளர் சொல்லும் ஒரே பதில் அது.)

பாடத்தில் ஒரு பயிற்சி உண்டு. பத்தியைப் படித்து மையக்கருத்தையும் அதற்குத் துணைநிற்கும் செய்திகளையும் பிரித்து எழுத வேண்டும். எங்கள் பிள்ளைகள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். முதல் வரியை அப்படியே எழுதினால் அது மையக்கருத்து, மிச்சமெல்லாம் துணைச்செய்தி. ஏரிகளைக் காப்பாற்றுவது பற்றி ஒரு பத்தி கொடுத்தேன். 'ஒரு நாள் மாலை நான் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன்' என்று அது தொடங்கும். வகுப்பு மொத்தமும் மையக்கருத்தாக ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தது.

இதைத் திருத்தாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். கல்வித்துறையே என் வருகைக்காகத்தான் வாசலில் காத்திருந்தது என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு.

"மையக்கருத்துன்றது பிரியாணி மாதிரி. கூட வர்ற தயிர் வெங்காயம், கத்திரிக்காய் எல்லாம் துணைச்செய்தி. புரிஞ்சுதா?"

கடைசி பெஞ்சில் லோகேஷ் எழுந்தான். "சார், அப்போ பீசு இன்னா சார்?"

"பீசும் பிரியாணியிலதான்டா கீது... இருக்கு."

"இல்ல சார். பீசு இல்லன்னா அது குஸ்கா சார். அப்போ பீசுதான் மெயினு, சோறு சப்போட்டு."

"டேய், எங்க ஏரியா கடையில வந்து பாரு. பீசை லென்ஸ் வெச்சித் தேடணும். அங்க சோறுதான் மெயினு," என்றான் பக்கத்து பெஞ்ச்.

மணி அடிக்கும்வரை விவாதம் நடந்தது. யாரும் மையக்கருத்துக்கு வரவில்லை. எனக்குப் பசிதான் வந்தது.

அடுத்து ஒரு செய்முறையைக் கண்டுபிடித்தேன். நான் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிப்பேன். மையக்கருத்து வந்தால் கையை உயர்த்த வேண்டும். துணைச்செய்தி என்றால் ஒரு விரல். இரண்டுமில்லாத வெட்டிப்பேச்சு என்றால் தலையைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். ஆச்சரியம், பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். லோகேஷ்கூடச் சரியான இடத்தில் கை தூக்கினான். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று ஹெட்மாஸ்டர். என் வாய் நிற்கவில்லை.

"இதை க்ளாஸ்ல மட்டும் பண்ணாப் பத்தாது. யார் பேசினாலும் பண்ணிப் பாருங்க. எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் சரி!"

(கைதட்டல் வேறு வாங்கினேன்.)

அதே சமயத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். மீனா. ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வீடு, அப்பாவுக்கு அங்கேயே வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மீனாவுக்கு என்னைப் பிடித்துவிட்டது. (காரணம் இன்றுவரை விசாரணையில் இருக்கிறது.) அவள் அப்பாதான் ஒரு நிபந்தனை போட்டார்: "தம்பி, வேலை பெர்மனென்ட்டுன்னு உங்க கரஸ்பாண்டன்ட் வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டா, மறுநாளே தட்டு மாத்திருவோம்."

வசதியாகப் பள்ளியில் பெற்றோர் தின விழா வந்தது. தாளாளர் உரை முடிந்ததும் நிரந்தரமானவர்களின் பெயர்களை மேடையில் வாசிப்பார். என் பெயரும் உண்டு என்று ஹெட்மிஸ்ட்ரஸ் காதில் போட்டிருந்தார். வருங்கால மாமனாரை நானே போய் அழைத்தேன். அதுவும் போதாமல், பி.டி. மாஸ்டரைக் கெஞ்சி என் வகுப்பை முன்வரிசையில் உட்கார வைத்தேன். என் வளர்ப்பின் ஒழுங்கை அவர் பார்க்க வேண்டாமா?

பார்த்தார்.

தாளாளர் மைக்கைப் பிடித்தார். தான் முதன்முதலில் வந்தபோது இந்த இடம் முள்ளுக்காடாகக் கிடந்ததைச் சொன்னார். பிறகு போர்வெல் போட்டது. பிறகு சிங்கப்பூர் போனது. அங்கே ரோட்டில் குப்பையே இல்லாதது. பிறகு வாக்கிங்கில் ஒரு டாக்டர் அவர் வயதைத் தவறாகக் கணித்தது.

முன்வரிசையில் ஒரு தலை கவிழ்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. கரண்ட் போன தெருவில் வீடு வீடாக விளக்கு அணைகிற மாதிரி என் வகுப்பு மொத்தமும் அணைந்தது. சிலர் 'கல்வி என்பது...' என்று காதில் விழுந்ததும் அவசரமாக ஒரு விரலைத் தூக்கினார்கள். வாக்கியம் எங்கும் போய்ச் சேராததால் விரலை மடக்கிக்கொண்டார்கள். நேர்மையான பிள்ளைகள்.

"இறுதியாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன்," என்றார் தாளாளர். எல்லாத் தலைகளும் ஆவலோடு நிமிர்ந்தன. அவர் தன் சின்ன வயது சிலேட்டைப் பற்றி ஆரம்பித்தார். எல்லாத் தலைகளும் விழுந்தன.

நான் தூணுக்குப் பின்னாலிருந்து 'நிமிருங்கடா, நிமிருங்கடா' என்று கையாட்டிக்கொண்டிருந்தேன். தலையைக் கவிழ்த்திருப்பவனுக்கு வாத்தியார் கையாட்டுவது எப்படித் தெரியும்?

தாளாளர் நிறுத்தினார். "என்ன இது? முன்வரிசை பூரா தூங்குது?"

வகுப்பின் முதல் ரேங்க் பவித்ரா எழுந்து நின்றாள். பொய்யே சொல்லாத பெண். (அதுதான் பிரச்சினை.)

"தூங்கல சார். மெயின் பாயின்ட் இன்னும் வரல சார். வந்ததும் கை தூக்குவோம் சார்."

பந்தலின் பின்வரிசை நாற்காலியிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, சிரிப்பிலேயே தாமிரபரணி தெரிந்தது.

"யாரு சொல்லிக்குடுத்தது இதெல்லாம்?"

வகுப்பு மொத்தமும் திரும்பித் தூணைப் பார்த்தது. அந்த முகங்களில் என்ன ஒரு பெருமை!

தாளாளர் பேச்சைச் சுருட்டினார். "சரி. நாளைக்கு ஸ்கூல் லீவு. அவ்வளவுதான்."

முன்வரிசை முழுவதும் படீரென்று கையை உயர்த்தியது. ஒரு கைகூடப் பாக்கியில்லை. என் ஆசிரியப் பணியின் உச்சம் அது. முடிவும் அதுதான். பெயர்களை வாசித்தார்கள். வாட்ச்மேன் பெயர்வரைக்கும் வந்தது. என் பெயர் வரவில்லை.

ஆபீஸில் தாளாளர் மரியாதையாகவே சொன்னார். "உங்க திறமைக்கு எங்க ஸ்கூல் ரொம்பச் சின்ன இடம் சார். இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்."

வெளியே டீக்கடையில் மீனாவின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகிறாரோ என்று பயந்தே போனேன்.

"தம்பி, எங்க ஃபேக்டரியில பாதுகாப்பு வாரம்னு ஒண்ணு வரும். ஆபீசர்மாரு பேசுவாங்க. கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்கப் படிச்சதே அங்கனதான். இன்னைக்குத்தாம்லா ஒரு பேச்சை முழுசாக் கேட்டேன்."

"அப்போ கல்யாணம், மாமா?" (வேலை போன சூட்டோடு 'மாமா' என்று கூப்பிட தோல் கொஞ்சம் தடித்திருக்க வேண்டும்.)

"சிரிச்சது வேற, பொண்ணு குடுக்கது வேற. போய் வேலையைத் தேடுங்க. அதுவரைக்கும் வேற மாப்பிள்ளை பாக்க மாட்டேன். போதுமா?"

தேடினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கிடைத்தது, மெஷினோடு கொடுக்கும் கையேட்டைத் தமிழில் எழுதும் வேலை. 'ஓடும்போது கையை உள்ளே விடாதே' என்பதுதான் எல்லாக் கையேட்டுக்கும் மையக்கருத்து. யாரும் பீசு பற்றிக் கேட்பதில்லை. கல்யாணமும் நடந்தது.

இன்றும் வீட்டில் விசேஷம் என்றால் மாமனார் இந்தக் கதையை எடுத்துவிடுவார். ஆவடியில் பஸ் ஏறியதிலிருந்து ஆரம்பிப்பார். பக்கத்தில் யார் உட்கார்ந்தார், அவர் மகன் எங்கே வேலை, கண்டக்டர் ஏன் முறைத்தார், பந்தலில் கொடுத்த ஜூஸில் சர்க்கரை எப்படிப் போதவில்லை என்று போகும். போன மாதம் என் மகள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்:

"தாத்தா, மேட்டருக்கு வா தாத்தா!"

"மேட்டரா? உங்க அப்பனுக்கு வேலை போச்சு. ஏட்டி, சிரிப்பு வந்துச்சா?"

"இல்ல."

"வரலைலா? அப்போ பேசாமக் கேளு," என்று சொல்லிவிட்டு, பஸ்ஸை மறுபடி ஆவடியிலிருந்து எடுத்தார்.