முதல் வரியும் இரண்டாவது வரியும்

பிள்ளைகள் பத்திரமாகச் சாலையைக் கடக்க வேண்டும் என்பதில் கல்வித் துறைக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆகவே அதைச் சொல்லித்தரும் கணினி விளையாட்டைச் செய்ய ஒரு பெண்ணை ஆறு மாத ஒப்பந்தத்தில் அமர்த்தியது. ஒப்பந்தம் முடியும் வெள்ளிக்கிழமை இயக்குநர் முன்னிலையில் விளையாட்டை ஓட்டிக்காட்டி, எல்லாம் நல்லபடி முடிந்தால் வேலை நீடிக்கும். இல்லாவிட்டால் அவளும், அவள் சம்பளத்தை நம்பியிருந்த ஐந்து வயது மகளும் வேறு வழி பார்த்துக்கொள்ளலாம்.

விளையாட்டு தயார். அதை ஓட்டும் எஞ்சின் என்கிற மென்பொருளைத்தான் அலுவலகக் கணினியில் ஏற்ற வேண்டும். பெரிய வேலையில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் எஞ்சின் தானாக வந்து ஏறிக்கொள்ளும். இன்னொரு வரி தட்டினால் விளையாட்டு ஓடும். அவள் தட்டப் போனாள். கண்காணிப்பாளர் பதறிப்போனார்.

"ஏம்மா, முதல் வரியைத் தட்டுறது எங்க நிறுவல் பிரிவு. ரெண்டாவது வரி மாடியில இருக்கிற இயக்கப் பிரிவு. ரெண்டையும் நீயே தட்டிட்டா நாங்க ரெண்டு பிரிவும் எதுக்கு இருக்கோம்?"

அவளுக்கும் அதே சந்தேகம்தான். ஒப்பந்தத்தை நினைத்து விழுங்கிக்கொண்டாள்.

நிறுவல் பிரிவில் ஒருவர் வாசிக்க, ஒருவர் தட்ட, ஒருவர் சரிபார்க்க, முதல் வரி முறைப்படி நிறைவேறியது. மாடிக்கு ஓடினாள். எஞ்சின் சரியாக ஏறியதற்குச் சான்று இருந்தால்தான் ஓட்டுவோம் என்றார்கள். கீழே வந்தாள். விளையாட்டு ஓடினால்தான் சான்று என்றார்கள். வியாழக்கிழமை முழுக்கப் படிக்கட்டில் போயிற்று.

வெள்ளிக்கிழமை இயக்குநர் வந்தார். ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்ததிலிருந்து மௌஸைத் தொடுவதே நாகரிகக் குறைவு, கறுப்புத் திரையில் தட்டுவதே நவீனம் என்று இருந்தவர் அவர். கைவசம் அனுமதி இருந்தது முதல் வரிக்கு மட்டும்தான். அதையே மறுபடி தட்டினார்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று இறங்கின. முப்பது சதவீதம் ஏறியது, அறுபது, தொண்ணூறு. நூறு வந்ததும் இயக்குநர் கைதட்டினார். அறையே தட்டியது.

"பிரமாதம். யார் ஜெயிச்சது?" என்றார்.

"நம்ம துறைதாங்க ஐயா," என்றார் கண்காணிப்பாளர்.

இது விளையாட்டே இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஒப்பந்தம் ஓராண்டு நீட்டிக்கப்படுவதாக இயக்குநர் அறிவித்தார். திறந்த வாயால் நன்றி சொன்னாள்.

அடுத்த மாதமே எல்லாப் பள்ளிகளிலும் முதல் வரியைத் தட்டும்படி சுற்றறிக்கை போனது.

ஒரு சாயங்காலம் மகளை அழைத்துக்கொண்டு வரும்போது, பள்ளிக்கு எதிரே சாலையோரம் இருவரும் நின்றார்கள். வண்டிகள் வழி விட்ட பாடில்லை.

"அம்மா, இன்னிக்கு உன் விளையாட்டு விளையாடினோம். ரோட்டை எப்படிக் கடக்கணும்னு எனக்குத் தெரியும்."

"எப்படிடா கண்ணு?"

"நூறு வர்ற வரைக்கும் எண்ணணும். நூறு வந்ததும் எல்லாரும் கை தட்டணும்."

மகள் எண்ண ஆரம்பித்தாள். தொண்ணூற்றெட்டு வந்ததும், தட்டுவதற்காக, அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவப் பார்த்தாள்.