மைய உறுப்பினர்

மனிதகுலத்தின் மகத்தான முடிவுகள் எல்லாம் தனிமையில்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன. விமரிசகனும் தன்னுடைய முடிவைத் தனிமையில்தான் எடுத்துக்கொண்டிருந்தான். வெளியே அவனுடைய அக்கா கதவை உடைக்காத குறையாகத் தட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் குளியலறை ஒன்றுதான்.

"உள்ள என்னடா பண்ற?"

"யோசிக்கிறேன்."

"அதை வெளிய வந்து பண்ணு. எனக்கு பஸ் போயிடும்."

விஷயம் இதுதான். பள்ளி ரோபோ அணியில் சேரச் சொல்லி முந்தின நாள் அவனுக்கு அழைப்பு வந்திருந்தது. சேர ஆசை. சேர்ந்தால் மானம் போய்விடும்.

ஒன்பதாம் வகுப்பில் 'விமரிசகன்' என்ற பட்டம் அவனுக்குச் சும்மா வந்துவிடவில்லை. தான் எதையும் செய்யாமல், பிறர் செய்த எதையும் விடாமல், பாடுபட்டுச் சம்பாதித்தது. ரோபோ அணியைத் தொடங்கிவைத்த அன்று தலைமையாசிரியர் கரகரக்கும் மைக்கில் அரைமணி நேரம் முழங்கினார். இடிந்த கட்டடங்களுக்குள் புகுந்து மனித உயிர்களை இழுத்துவந்து காப்பாற்றப்போகும் இயந்திரம் இது என்றார். ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்கள் ஆசைப்பட வேண்டாம் என்றார். பிறகு பட்டுத்துணியை விலக்கினார். நாலு சக்கரம் வைத்த செருப்புப் பெட்டி ஒன்று இரண்டடி நகர்ந்து, தன் ஒயரைத் தானே மிதித்துக் கவிழ்ந்தது.

"முதல்ல அது தன்னைக் காப்பாத்திக்கட்டும்," என்றான் விமரிசகன். வரிசை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து ரோபோ அணியைப் பற்றி அவன் வாயைத் திறந்தாலே கூட்டம் கூடியது.

அதே விமரிசகன் தினமும் பள்ளி விட்டதும் ஆய்வுக்கூட ஜன்னலுக்கு வெளியே குனிந்து ஷூ லேஸ் கட்டினான் என்பது அந்தக் கூட்டத்துக்குத் தெரியாது. ஒரு லேஸ் கட்ட அவனுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. உள்ளே ஈயம் உருகும் வாசனை. ஒரு சக்கரம் சுற்றும், நிற்கும், யாரோ யாரையோ திட்டுவார்கள், மறுபடி சுற்றும். அவனுக்குக் கை துறுதுறுக்கும். அணியில் எல்லோருக்கும் நீல ஜாக்கெட், முதுகில் அவரவர் பொறுப்பு. அந்த ஜாக்கெட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு இரண்டு ஆசை வரும். ஒன்று, கேலி செய்ய வேண்டும். இன்னொன்று, போட்டுப் பார்க்க வேண்டும்.

பக்கத்துப் பிரிவில் படிக்கும் கேப்டன் அவனைத் தேடி வந்தபோது அவனைத் தலை முதல் கால் வரை ஒருமுறை அளந்தாள்.

"நீ எங்க டீமுக்கு வேணும். எல்லாரும் ஒரே மனசா உன்னைத்தான் சொன்னாங்க. உன்னை மாதிரி ஆள் இந்த ஸ்கூல்ல வேற கிடையாது. நீ இருந்தா போட்டியில மார்க் அப்படியே ரெண்டு மடங்கு."

இதெல்லாம் அவனுக்கே தெரிந்த விஷயம்தான். 'சரி' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் பின்னால் இரண்டு பெஞ்சுகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றான்.

பள்ளியில் சொன்ன 'யோசிச்சுச் சொல்றேன்', வீட்டுக்கு வருவதற்குள் 'கெஞ்சுறாங்க' ஆகிவிட்டது. அப்பா தையல்காரர். முன்னறைதான் கடை. அடுத்தவர் துணியில் வெட்டி மிஞ்சிய துண்டிலேயே மகனுக்கு முழுச் சட்டை எடுத்துவிடுவார், அதில் பையும் வைப்பார். சேர்வதென்றால் சேர், இல்லையென்றால் விடு என்பதோடு அவர் மெஷினுக்குத் திரும்பிவிட்டார். அம்மா அப்படி விடுகிறவள் இல்லை. விஞ்ஞானிக்கு உடம்பில் தெம்பு வேண்டும் என்று தீர்மானித்துவிட்டாள். காலையில் இரண்டு முட்டை, இடைவேளைக்கு ஒரு டப்பா வேர்க்கடலை, பள்ளி விட்டு வந்ததும் வாழைப்பழம், படுக்கும் முன் ஒரு சொம்பு பால்.

"இன்னும் சேரவே இல்லையேம்மா," என்றாள் அக்கா.

"யோசிக்கிறான்ல. அதுக்கே எவ்வளவு செலவாகும்."

அடுத்த வாரம் கேப்டன் மறுபடி வந்தாள். இந்த முறை அவனிடம் திட்டம் இருந்தது. முடியாத நிபந்தனை ஒன்றைப் போடுவது, அவள் வாதாடுவது, பெரிய மனது பண்ணி இவன் இறங்கிவருவது. ஸ்குரூடிரைவரைக் கையால் தொடமாட்டேன் என்றான்.

"தொடவே வேண்டாம்," என்றாள். "நீ ஒண்ணுமே செய்ய வேண்டாம். இப்படியே வந்தா போதும்."

இறங்கிவர அவள் படி எதையும் மிச்சம் வைக்கவில்லை. விமரிசகன் திகைத்து நின்ற அந்த இடைவெளியில் பின்பெஞ்சிலிருந்து, விமரிசகர் விலை போய்விட்டாராமே என்று ஒரு குரல் விசாரித்தது. மானத்தைக் காக்க வேண்டியதாயிற்று. மதிய இடைவேளையில் கரும்பலகை முன்னால் நின்று, ரோபோக்களால் மனித இனம் சோம்பேறியாகி அழியும் என்று ஒரு பிரசங்கம் செய்தான். துரதிர்ஷ்டவசமாகப் பிரசங்கம் பிரமாதமாக அமைந்துவிட்டது. அவ்வளவு கைதட்டல் வாங்கிவிட்டு அந்த வாரமே போய்ச் சேர முடியுமா?

மூன்றாவது முறை அவன் பதவி கேட்டான். 'மைய உறுப்பினர்' என்று ஜாக்கெட்டில் ஏற்கெனவே எழுதியாயிற்று என்றாள் கேப்டன். போட்டியே அவனைச் சுற்றித்தான் நடக்கப்போகிறதாம்.

"அளவு எடுக்கலையே?"

"உன் அளவெல்லாம் பி.டி. சார்கிட்ட வாங்கியாச்சு. நீ சீக்கிரம் வா. நாள் ஆக ஆக எங்களுக்குத்தான் கஷ்டம்." அவள் கண் அவன் கையிலிருந்த டப்பாவுக்குப் போனது. "இதை தினமும் சாப்பிடுறியா?"

"மூளைக்கு," என்றான், ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டு.

அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பொறாமை என்று விமரிசகன் முடிவுகட்டினான். இப்படிப்பட்டவர்களோடு எப்படிக் குப்பைகொட்டுவது என்ற கவலையில் இன்னொரு வாரம் யோசித்தான். முட்டையும் பாலும் மூளைக்குப் போகிற வழியில் இடுப்பில் இறங்கித் தங்கின.

நாலாவது முறை அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள். விமரிசகன் உள்ளறைத் திரைக்குப் பின்னால் கன்னத்தில் கை வைத்து, கூப்பிட்டதும் தெரிய வேண்டிய கோணத்தில் உட்கார்ந்துகொண்டான். முன்னறையில் அப்பா ஒரு கால்சட்டையின் பின்தையலைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இது யாரோடது அங்கிள்?"

"அவனோடதுதாம்மா. இந்த மாசத்துல ரெண்டாவது தடவை பிரிக்கிறேன். இனிமே பிரிக்க உள்ள துணி இல்ல."

கேப்டன் அந்தக் கால்சட்டையைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மடித்து மெஷின் மேல் வைத்தாள். யாரையும் கூப்பிடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"பார்த்தியா, பேச்சே வரல அவளுக்கு," என்றான் விமரிசகன் திரையை விலக்கி.

"எனக்கும்தான் வரல," என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்தான். கேப்டன் வருகிற வழியில் மூன்று தடவை தற்செயலாக எதிர்ப்பட்டான். அவள் தலையசைத்துவிட்டுப் போனாள், பக்கத்துவீட்டு மாமாவுக்குத் தலையசைப்பதுபோல. ஆய்வுக்கூட ஜன்னலில் உள்பக்கமாகத் தாள் ஒட்டியிருந்தார்கள். லேஸ் கட்டுவதிலும் இனிப் பயனில்லை. உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்தது. இப்போது சக்கரம் நிற்காமல் சுற்றியது. அதைக் கேட்டபடி இருட்டும்வரை சுவரோரமாக நின்றான்.

வெள்ளிக்கிழமை பின்பெஞ்சைப் பார்த்து, பாவம், ரொம்பக் கெஞ்சுகிறார்கள், போய்த் தொலைக்கிறேன் என்று அறிவித்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு நடந்தான். மூன்று நிமிஷப் பேச்சு ஒன்று தயாராக இருந்தது. 'உங்கள் இடைவிடாத வற்புறுத்தலுக்கு இணங்கி' என்று தொடங்கும்.

கதவைத் திறந்தான். தரையில் ரோபோ உறுமிக்கொண்டே பின்னால் ஒரு மணல் மூட்டையை இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. மூட்டை நீல ஜாக்கெட் போட்டிருந்தது. முதுகில் 'மைய உறுப்பினர்'.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சில் முதல் இரண்டே முக்கால் நிமிஷம் மறந்துபோயிற்று.

"நான் சேர்றேன்," என்றான். கேப்டனின் கண் அவன் இடுப்புக்குப் போனதால், "கண்டிஷன் எதுவும் இல்ல," என்றான். அது அங்கேயே நின்றுவிட்டதால், அவன் குரல் அவனுக்கே கேட்காத அளவில், "ஸ்குரூடிரைவர்கூட பிடிக்கிறேன்," என்றான்.

கேப்டன் மேஜைக்கு அடியிலிருந்து எடை மெஷினைக் காலால் இழுத்து அவன் முன்னால் தள்ளினாள். ஏறச் சொன்னாள். எதற்கு என்று கேட்கிற தைரியம் விமரிசகனுக்கு அன்றைக்கு இல்லை. ஏறினான். நாலு தலைகள் முள்ளின் மேல் குனிந்தன. ஒரு தலை 'ப்ச்' என்றது.

ரோபோவின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த இயற்பியல் சார், வாயில் கவ்வியிருந்த ஸ்குரூடிரைவரை எடுத்தார்.

"நம்ம மோட்டார் முப்பத்திரண்டு கிலோவுக்கு மேல இழுக்காதுப்பா. இடிபாட்டுல மாட்டிக்கிட்ட ஆளா சும்மா படுத்துக்கிடக்கறதுக்கு, ஒன்பதாவதுலேர்ந்து மேல அந்த எடையில போன மாசம் வரைக்கும் நீ ஒருத்தன்தான் இருந்த."